ஒரே ராஜா, 60 வருட இடைவெளி: பார்சிலோனாவின் பிக்காசோ மியூசியம்

பார்சிலோனாவின் பழைய ஊர்ப்பகுதியில், மோன்காடா தெருவில் இருக்கிறது பிக்காசோ மியூசியம். போய்வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "அருமை" என்பார்கள், மீதிப் பேர் "அங்கே பிக்காசோ படமே இல்லையே" என்பார்கள். இரண்டாவது கூட்டத்தின் ஏமாற்றமும் நியாயமானதுதான். கோணல் முகங்களையும் உடைந்து சிதறிய கிதார்களையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் அரை மணி நேரம் பார்ப்பது பிளாஸ்டர் காலைப் பார்த்துக் கரித்துண்டால் போட்ட படம், அம்மாவின் முகம், தங்கையின் புதுநன்மை விழா, கட்டிலில் கிடக்கும் நோயாளி. அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் 'அவிஞ்ஞோன் பெண்கள்' நியூயார்க்கில் இருக்கிறது. 'கெர்னிகா' மாட்ரிட்டில். அவற்றுக்காகத்தான் பயணம் என்றால் இந்த மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஆனால் ஓர் ஓவியரின் கை எப்படி உருவானது, யார் யாரிடமிருந்து எதை எதை எடுத்தது, எடுத்ததை என்ன செய்தது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டுமா? அதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. தஞ்சை மாவட்டப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லோயர் கிரேடு, ஹையர் கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதிலேயே காலம் போயிற்று. மகள் பார்சிலோனாவில் வேலை பார்ப்பதால், அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இங்கே ஒரு நாளை ஒதுக்கிவிடுவேன். இந்த விமர்சனம் ஒரு வாத்தியாரின் கண்ணோடு எழுதியது. கட்டடத்தின் அழகு, கஃபே, கடை எல்லாம் இதில் கொஞ்சம்தான் வரும்.

மியூசியம் ஏன் இப்படி அமைந்தது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பிக்காசோவின் இளமைக்கால நண்பர், பிற்காலத்தில் அவருடைய செயலாளர், ஜாவ்மே சபார்த்தேஸ். அவர் தன்னிடமிருந்த 574 படைப்புகளைக் கொடுத்ததுதான் அடித்தளம். 1963-ல் திறந்தபோது வெளியே 'சபார்த்தேஸ் சேகரிப்பு' என்றுதான் பெயர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பிக்காசோ பெயரை வாசலில் எழுத முடியாத காலம் அது. 1968-ல் சபார்த்தேஸ் இறந்ததும், அவர் நினைவாக 'லாஸ் மெனினாஸ்' வரிசை முழுவதையும், அதாவது பழைய ஓவியர் வெலாஸ்கெஸின் ஒரு படத்தை வைத்துத் தான் வரைந்த படங்களையெல்லாம், பிக்காசோ கொடுத்தார். 1970-ல் பார்சிலோனாவில் குடும்ப வீட்டில் பத்திரமாக இருந்த சிறுவயது ஓவியங்களும் நோட்டுப் புத்தகங்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. அதாவது, இந்த மியூசியத்தில் இருப்பது ஒரு நண்பர் சேர்த்துவைத்ததும், ஒரு தாய் வீட்டில் தங்கிப்போனதும், ஓவியர் தானே மனமுவந்து கொடுத்ததும். ஆரம்பம் மிக அடர்த்தியாகவும் நடுவில் பெரிய வெற்றிடத்தோடும் இருப்பதற்கு இதுதான் காரணம். 1934-க்குப் பிறகு ஸ்பெயினில் கால் வைக்காத பிக்காசோ, இந்த மியூசியத்தை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமலே 1973-ல் இறந்துபோனார்.

சரி, உள்ளே போவோம்.

முதல் அறைகளில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் வேகமாக நடக்கிறார்கள், பிறகு 'லாஸ் மெனினாஸ்' முன்னால் நின்று தலையைச் சொறிகிறார்கள். பிக்காசோவின் அப்பா ஹோசே ருயிஸ் பிளாஸ்கோ ஓவியப் பள்ளி ஆசிரியர். மலாகா, ஆ கொருன்யா, 1895-லிருந்து பார்சிலோனாவின் யோட்ஜா பள்ளி என்று வேலைக்காக ஊர் மாறியவர். மகனும் அந்தப் பள்ளிகளிலேயே படித்தான். பிளாஸ்டர் வார்ப்பை முன்னால் வைத்து, கரித்துண்டால் வெளிச்சமும் நிழலும் போடப் பழகிய அந்தக் காலத் தாள்கள் இங்கே இருக்கின்றன. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் போட்டவை. என்னிடம் படித்த பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள்கூட நிழலை விளிம்பு வரை கறுப்பாக இழுத்துவிடுவார்கள். நிழலுக்குள்ளும் மேசையிலிருந்து எழும்பும் மங்கிய வெளிச்சம் ஒன்று உண்டு, அதை விட்டுவைத்தால்தான் கால் உருண்டையாகத் தெரியும் என்று புரியவைக்கப் பல மாதம் ஆகும். இந்தப் பையனுக்கு அது புரிந்திருக்கிறது. ஆனாலும் இந்தத் தாள்களில் மேதையைத் தேடாதீர்கள் என்பேன். இவற்றில் இருப்பது கீழ்ப்படிதல். சொன்னதைச் சொன்னபடி, சலிக்காமல் செய்த கை.

கீழ்ப்படிதலிலிருந்து முதல் விலகல் தெரிவது 1896-ல் வரைந்த 'பெப்பா அத்தை'யில். சின்னப் படம்தான். கறுப்பு உடை, இருண்ட பின்னணி, அதிலிருந்து முதிய முகம் மட்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தோலின் சுருக்கம், ஈரக் கண், இறுகிய உதடு எல்லாம் தெரியும். கிட்டே போனால் வெறும் பூச்சுதான். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே சறுக்கியது என்று பார்க்கலாம். அதே வருடம் பொதுக் கண்காட்சிக்காக வரைந்த 'முதல் நற்கருணை' இங்கேயே இருக்கிறது. தங்கை லோலாதான் அதற்கு மாடல். வெள்ளை உடையின் மடிப்புகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. நடுவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று தெரிந்து செய்த படம். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். வீட்டுக்குள் அத்தையை வரைந்த கைக்கும் கண்காட்சிக்கு வரைந்த கைக்கும் உள்ள தூரம் அந்தப் பதினான்கு வயதுப் பையனிடமே இருந்திருக்கிறது.

1897-ல் வந்த 'அறிவியலும் கருணையும்' அளவில் மிகப் பெரியது. உயரம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் இரண்டரை மீட்டர். கட்டிலில் ஒரு பெண். ஒரு பக்கம் மருத்துவர் நாடி பார்க்கிறார், மறுபக்கம் கன்னியாஸ்திரீ ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பையை நீட்டுகிறார். மருத்துவராக உட்கார்ந்திருப்பது அப்பாவேதான். ஏழ்மையையும் நோயையும் பெரிய கித்தானில் வரைந்து பரிசு வாங்குவது அன்றைய ஸ்பானியக் கண்காட்சிகளின் வழக்கம். இந்தப் படத்துக்கும் மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் கௌரவக் குறிப்பும் மலாகாவில் தங்கப் பதக்கமும் கிடைத்தன. நோயாளியின் கை கையுறை மாதிரி இருக்கிறது என்று மாட்ரிட்டில் ஒரு விமர்சகர் கிண்டல் செய்தார். பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கை நீண்டு, எலும்பில்லாமல், சாம்பல் நிறத்தில் தொங்குகிறது. எனக்கோ படத்திலேயே பிடித்த இடம் அதுதான். மற்றதெல்லாம் அப்பாவின் பாடத்திட்டம். ஆறு வருடம் கழித்து நீல நிறப் படங்களில் நீளப்போகும் கைகளுக்கு முன்னோட்டம் மாதிரி அது ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. படத்துக்காகப் போட்ட சிறு முன்வரைவுகளையும் மியூசியம் வைத்திருக்கிறது. தொங்கவிட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் படம். பலர் அதன் முன்னால் நிற்பதுகூட இல்லை. 1897-ல் மாட்ரிட்டின் சான் பெர்னாந்தோ அகாடமியில் சேர்ந்த பையன் வகுப்புக்குப் போவதைவிட அதிக நேரம் பிராடோ மியூசியத்தில் செலவிட்டான். அங்கே பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த அரசர் நான்காம் பிலிப்பின் உருவப்படத்தைப் பார்த்துப் போட்ட நகல் இங்கே இருக்கிறது. 16 வயது. களைத்த கண்கள், நீண்ட தாடை, மேலே முறுக்கிய மீசை. நகல் என்ற அளவில் சுமார்தான், வெலாஸ்கெஸின் காற்றோட்டம் அதில் இல்லை. ஆனால் இந்த முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அறைகளில் தேவைப்படும்.

அடுத்த வருடம் காய்ச்சலில் படுத்து, நண்பன் மனுவெல் பாயாரெஸின் ஊரான ஓர்தாவுக்குப் போய்ப் பல மாதம் தங்கியதும், திரும்பி வந்து 'எல்ஸ் குவாத்ரே காட்ஸ்' என்ற மதுச்சாலையில் பார்சிலோனாவின் புதிய கலைஞர்களோடு சேர்ந்ததும் அடுத்த அறைகளில் வருகின்றன. 1900 பிப்ரவரியில் அந்த மதுச்சாலைச் சுவரில்தான் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. நண்பர்களின் கரித்துண்டு உருவப்படங்கள் அவை. அதே ஊரில் கரித்துண்டு உருவப்படங்களுக்குப் பெயர்போனவர் ரமோன் காசாஸ். அவர் பாணியிலேயே, அவருக்கு எதிராகவே வரைந்து காட்டியிருக்கிறார் 18 வயதுப் பையன். இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. பிக்காசோவின் பாணி மாறிக்கொண்டே இருந்தது என்று புத்தகங்களில் படிக்கிறோம். ஏதோ சட்டை மாற்றுவதுபோலத் தோன்றும். இங்கே வரிசையாகப் பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் குறிப்பிட்ட ஒருவரின் கைக்குள் முழுசாக நுழைகிறார். அந்தக் கை செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்க்கிறார். தீர்ந்ததும் வெளியே வருகிறார். அப்பா, வெலாஸ்கெஸ், காசாஸ் என்று அந்த வரிசை நீள்கிறது.

பாரிஸ் போனதும், அந்த ஊரின் இரவு வாழ்க்கையை வரைந்த துலூஸ்-லோத்ரெக். 1901-ல் வரைந்த 'மார்கோ', 'குள்ளப் பெண்' இரண்டும் இங்கே இருக்கின்றன. 'குள்ளப் பெண்' ஒரு நடனக்காரி. வெலாஸ்கெஸ் அரண்மனைக் குள்ளர்களை வரைந்தார் என்பது நினைவில் இருந்தால் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். வரைந்த விதம் மட்டும் புத்தம் புதிய பாரிஸ்: கலக்காத நிறங்கள் புள்ளி புள்ளியாக, பட்டை பட்டையாக. பதிலுக்குப் பதில் சொல்வதுபோல முறைத்துப் பார்க்கிறாள். இந்த அறையில் நிறைய நேரம் நில்லுங்கள். இந்த இடத்துக்கு அப்புறம் அவர் யார் கைக்குள் போனாலும் வெளியே வரும் படம் பிக்காசோவின் படமாகவே இருக்கும்.

அதே வருடம் பிப்ரவரியில் நண்பன் காசாஜெமாஸ் பாரிசில் தற்கொலை செய்துகொண்டான். எல்லாவற்றையும் நீல நிறத்திலேயே வரைந்த, 1904 வரை நீடித்த நீலக் காலம் அதற்குப் பிறகு வந்தது. எல்லோரும் துயரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வேலையாகப் பார்த்தால் அது ஒரு கடுமையான விரதம். மூன்று வருடம் கிட்டத்தட்ட ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு வரைவது எவ்வளவு கஷ்டம் என்று கையில் தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும். நிறத்தை எடுத்துவிட்டால் உருவமும் வெளிச்ச நிழலும் மட்டுமே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். 1903-ல் வரைந்த 'பார்சிலோனாவின் கூரைகள்' படத்தில் ஆள் இல்லை, கதை இல்லை. நீலத்தில் நீலமாகச் சதுரங்களும் முக்கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நான்கைந்து வருடத்தில் வரப்போகும் கியூபிசத்தின், அதாவது பொருள்களைக் கட்டம் கட்டமாக உடைத்து வரையும் பாணியின், எலும்புக்கூடு இதில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் காலத்து உருவங்களில் விரல்கள் நீண்டு, கழுத்து ஒடிந்து தொங்குவது, உருவங்களை நீட்டி வரைந்த பழைய ஓவியர் எல் கிரேக்கோவிடமிருந்து வந்தது. அந்தக் 'கையுறை' கை இங்கே வேண்டுமென்றே திரும்பி வருகிறது.

அப்புறம்தான் வெற்றிடம். 1905-ன் 'திருமதி கானால்ஸ்' உருவப்படம், கறுப்பு லேஸ் முக்காட்டோடு, ரோஜா நிறத்தில். அது முடிந்தால் நேராக 1917. கியூபிசம் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க ஒரே அடியில் தாண்டிப் போகிறது. மியூசியத்தின் பெரிய குறை இதுதான். 'அவிஞ்ஞோன் பெண்கள்' படத்தின் பெயர் இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அவிஞ்ஞோ தெருவிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் குறை இன்னும் உறுத்தும். போவதற்கு முன் 1907 முதல் 1914 வரையான படங்கள் சிலவற்றை வீட்டிலேயே புத்தகத்திலோ இணையத்திலோ பார்த்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கடைசி அறைகள் திடீரென்று தலைகீழாகத் திரும்பியதுபோல இருக்கும்.

1917-ல் ரஷ்ய பாலே குழுவோடு பார்சிலோனா வந்தபோது வரைந்த சில படங்கள் இருக்கின்றன. சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் 'ஹார்லெக்வின்' (கட்டம் போட்ட உடை அணிந்த நாடகக் கோமாளி) அமைதியான, மென்மையான, பழைய முறைப் படம். ஓவியரே 1919-ல் நகரத்துக்குக் கொடுத்தது. அதே வருடம் ஒரு பால்கனியிலிருந்து வரைந்த 'கொலம்பஸ் சாலை'யோ புள்ளிகளும் கட்டங்களுமாக உடைந்து நிற்கிறது. முன்னே போவதும் பின்னே போவதும் ஒரே மாதத்தில் முடிகிறது அவருக்கு. வளர்ச்சி என்பதை ஏணி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த அறை நல்ல மருந்து. 1939-ல் வரைந்த சபார்த்தேஸ் உருவப்படமும் இங்கே உண்டு. நண்பர் தன்னைப் பழைய ஸ்பானிய அரசவைப் பிரபுவாக வரையச் சொன்னாராம். கழுத்தில் மடிப்பு மடிப்பான வெள்ளைக் காலர், தலையில் தொப்பி, முகத்தில் எல்லாம் இடம் மாறிய கண்ணும் மூக்கும் கண்ணாடியும். ஆனாலும் ஆள் யார் என்று உடனே தெரிகிறது. அவ்வளவு பாசமான படம்.

கடைசியாக 'லாஸ் மெனினாஸ்'. 1957 ஆகஸ்ட் 17 முதல் டிசம்பர் 30 வரை, தென் பிரான்சின் கேன் நகரில் இருந்த வீட்டின் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்த 58 படங்கள். வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த மூலம் பிராடோவில் இருக்கிறது: குட்டி இளவரசி மார்கரீத்தா, இரண்டு தோழிப் பெண்கள், குள்ளர்கள், நாய், பெரிய கித்தானுக்கு முன்னால் நிற்கும் ஓவியர், பின்னால் சுவர்க் கண்ணாடியில் அரசரும் அரசியும். பிக்காசோவின் 58-ல் 44 இதை நேராக எடுத்துக்கொண்டவை.

முதல் நாளின் பெரிய படத்தின் முன்னால் உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். உயரமாக இருந்த மூலத்தைப் படுக்கவைத்து அகலமாக்கிவிட்டார். ஓரத்தில் பணிவாக நின்ற வெலாஸ்கெஸ் இங்கே கூரையை முட்டும் ராட்சசன். மங்கலாக இருந்த வலப்பக்கத்து ஜன்னல்கள் திறந்து வெளிச்சம் கொட்டுகிறது. இடப்பக்கம் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அடர்ந்திருக்கின்றன. வலப்பக்கம் போகப் போக அவிழ்ந்து, கடைசியில் நிற்பவர்கள் முதல் வகுப்புப் பிள்ளை ஒரே இழுப்பில் போட்ட கோட்டுருவங்களாக மிஞ்சுகிறார்கள். அறுபது வருடம் படித்ததை இடமிருந்து வலமாகக் கழற்றிவைத்ததுபோல இருக்கிறது. மூலத்தில் கம்பீரமாகப் படுத்திருக்கும் வேட்டைநாய் இருந்த இடத்தில், அந்த வருடம் வீட்டுக்கு வந்த லம்ப் என்ற குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்ட்.

பின்சுவர்க் கண்ணாடியைப் பாருங்கள். அதில் இருக்கும் அரசர் வேறு யாருமில்லை, நான்காம் பிலிப்தான். 16 வயதில் பிராடோவில் நின்று மீசை நுனி வரை பார்த்துப் போட்ட அதே ராஜாவை 75 வயதில் சில கோடுகளில் முடித்துவிடுகிறார். இரண்டும் ஒரே கூரையின் கீழ், சில அறைகள் தள்ளி இருக்கின்றன. உலகத்தில் வேறு எந்த மியூசியத்திலும் இதைப் பார்க்க முடியாது. இதற்காகவே டிக்கெட் காசு தகும்.

58-ம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இளவரசியின் முகத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்த சிறு படங்களில் சில வெறும் பயிற்சி. ஆனால் 'பியானோ' என்ற படத்தை விடாதீர்கள். மூலத்தில் நாயின்மேல் கால் வைக்கும், சிறுவன்போலத் தெரியும் குள்ளனின் விரல்கள் இருக்கும் விதம் பியானோ வாசிப்பதுபோல இருக்கிறதே என்று, அவன் முன்னால் ஒரு பியானோவையே கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்புறம் செப்டம்பரில் ஒரு வாரம் வேலைக்கு நடுவே வரைந்த 9 புறாப் படங்கள். ஜன்னல், கடல், பனைமரம், புறாக்கூண்டு, எல்லாம் பளீர் நிறத்தில். அப்பா ஹோசே ருயிஸ் வாழ்நாள் முழுவதும் விரும்பி வரைந்தது புறாக்கள். வெலாஸ்கெஸோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த மகன் மூச்சு வாங்க ஒதுங்கிய இடம் அப்பாவின் பாடம்.

நடைமுறை விஷயங்கள். மெட்ரோவில் ஜாவ்மே முதலாம் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. திங்கள் விடுமுறை. நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அதற்கும் முன்பதிவு வேண்டும், கூட்டமும் அதிகம். படங்களை நின்று பார்க்க நினைப்பவர்கள் காசு கொடுத்து வார நாளில் காலை முதல் நேரத்தில் போவதே நல்லது. ஐந்து பழைய மாளிகைகளை இணைத்த கட்டடம் என்பதால் அறைகள் சிறியவை, வழியும் வளைந்து வளைந்து போகும். காலை நேரத்தில் நேராக மெனினாஸ் அறைக்குப் போய் அமைதியாகப் பார்த்துவிட்டு, திரும்பி முதல் அறையிலிருந்து தொடங்குவது என் வழக்கம். தாளில் போட்ட படைப்புகளை வெளிச்சத்திலிருந்து காப்பாற்ற அவ்வப்போது மாற்றிவைப்பார்கள். அதனால் நான் சொன்ன எல்லாமே எப்போதும் சுவரில் இருக்கும் என்று உறுதியில்லை. பார்த்து முடித்துக் களைத்தால் மோன்சியோ தெருவில் 'குவாத்ரே காட்ஸ்' இன்றும் உணவகமாக இயங்குகிறது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மாட்ரிட்டுக்கு அதிவேக ரயிலில் போய்விடலாம், சுமார் மூன்று மணி நேரம். முதலில் பிராடோவில் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்', அதற்குப் பிறகு நடந்தே போய் ரெய்னா சோபியா மியூசியத்தில் 'கெர்னிகா'. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.